ஒரு விரற்கடை நீர்: கழிப்பறை உறுப்புகளின் வரலாறு

அவையில் சொல்லத்தகாத ஒன்றை வேறொரு சொல்லால் மறைத்துக் கூறுவதனை இடக்கரடக்கல் என்று நம் இலக்கணத்தார் வகுத்துள்ளனர். தகுதி வழக்கு மூன்றனுள் அஃது ஒன்று. அதற்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுகளுள் 'கால் கழுவி வருதல்' என்பது பள்ளி மாணாக்கரும் அறிந்ததே. 'கொல்லைக்குப் போதல்', 'வெளிக்குப் போதல்', 'ஒதுங்குதல்' என இன்றுவரை நாம் வழங்கிவரும் தொடர்களும் அந்த ஒரு செயலையே சுற்றிவளைத்துச் சொல்வன. கக்கூசு என்னும் சொல்லை ஒல்லாந்தரிடமிருந்து பெற்றோம். அவர்தம் மொழியில் அது சிறிதும் மறைப்பில்லாத பச்சைச் சொல். அயற்சொல்லாதலின் அதன் கூச்சம் நம் செவிக்கு எட்டவில்லை. எட்டிய பின்னர் அதனையும் கைவிட்டுக் கழிப்பறை, கழிவறை, பாத்ரூம் எனப் புதிய போர்வைகளைத் தேடிக்கொண்டோம்.

சொல்லளவில் இவ்வடக்கம் பண்பாடே. ஆயினும் பெயரைச் சொல்லக் கூசிய நாம் பொருளை நோக்கவும் கூசிவிட்டோம். வானொலிப் பெட்டி இயங்கும் வகையை ஓரளவு விளக்கவல்ல நண்பர்கள் பலர் எனக்குண்டு. தம் வீட்டுக் கழிப்பறைத் தொட்டியின் மூடியை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவர் அவர்களுள் ஒருவரோ இருவரோதான். அவ்வுறுப்புகள் ஒவ்வொன்றும் ஏன் தோன்றின, எதற்காக நிற்கின்றன என்பதனை வரலாற்றுமுறையில் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. அவற்றுள் தலையாயது, பலரும் உறுப்பென்றே எண்ணாத ஒன்று: கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர். ஏனைய யாவும் அதற்கு ஏவல் செய்வன. நம் நாட்டிலோ, ஒரு மனிதனின் கழிவை மற்றொரு மனிதன் சுமக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு விடையாகவும் அந்நீரே அமைந்தது.

இதனை நான் நூலிலிருந்து கற்றேன் அல்லேன். தில்லிக்கு வந்த புதிதில், கோடை விடுமுறைக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குச் சென்று, இரண்டு மாதம் கழித்து மீண்டேன். கதவைத் திறந்ததும் தாங்கவொண்ணா நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதென்று அறைதோறும் தேடினோம். குழாய்ப் பணியாளர் ஒருவர் வந்து தொட்டியையே மாற்றவேண்டும் என்றார். மாடியில் குடியிருந்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, கிண்ணத்திலும் குளியலறைத் தரைத்துளையிலும் ஒவ்வொரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அரை மணியில் நாற்றம் அகன்றது. தில்லியின் அனற்காற்று, வளைகுழாயில் நின்ற நீரை உறிஞ்சிவிட்டிருந்தது. சாக்கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே கதவாக நின்றது அந்நீர்தான் என்பது அன்றுதான் விளங்கிற்று.

பீங்கான் கிண்ணத்தின் அடியிலிருந்து புறப்படும் குழாய் நேரே நிலத்துள் இறங்குவதில்லை. ஒருமுறை தாழ்ந்து, பின்னர் மேலேறி, மீண்டும் கீழிறங்குகிறது. கடைகளில் 'எஸ் டிராப்', 'பி டிராப்' என்று கேட்டு வாங்குவது இவ்வளைவையே. தரையை நோக்கி இறங்குவது முன்னது, சுவரை நோக்கிச் செல்வது பின்னது. மேலேறும் பகுதியின் விளிம்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்திற்கு நீர் எப்போதும் தேங்கி நிற்கும். வளைவின் மேற்சுவர் அந்நீருள் எத்துணை ஆழம் அமிழ்ந்திருக்கிறதோ அதுவே நீரடைப்பின் அளவு. மேலைநாட்டு முறைக் கிண்ணங்களில் அது ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். சாக்கடையின் காற்று அதனைக் கடந்து வரவியலாது. கிண்ணத்தில் பெருநீர் ஒருசேர விழும்போது மட்டும் நீர்மட்டம் விளிம்பைக் கடந்து எழுகிறது; உள்ளிருப்பது யாவும் அடித்துச் செல்லப்படுகிறது; கடைசியாக வந்த தூயநீர் வளைவில் தங்கிப் புதிய அடைப்பாகிறது. தள்ளுவதும் நீர், பூட்டுவதும் நீர்.

இவ்வெளிய வளைவு மிகப் பிந்தியே தோன்றியது என்பது வியப்பு. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் ஞானமகனாகிய ஜான் ஹாரிங்டன், மேலே நீர்த்தொட்டியும் அடியில் திறந்து மூடும் அடைப்பானும் கொண்ட ஒரு கழிப்பறையைத் தம் மாளிகையில் அமைத்து, 1596-இல் அதுபற்றி நூலொன்றும் வெளியிட்டார். நூலின் பெயரில் வரும் ஏஜாக்ஸ் என்பது கிரேக்க வீரன் பெயர். அக்கால ஆங்கிலத்தில் கழிப்பிடத்தைக் குறித்த கொச்சைச் சொல்லின் ஒலியும் அதுவே. இடக்கரடக்கல் நமக்கு மட்டும் உரியதன்று போலும்! அரசவையினர் நூலின் குத்தல்களைக் கண்டு சினந்தனர், கருவியை மறந்தனர். அக்கருவியில் தொட்டி இருந்தது, அடைப்பான் இருந்தது, வளைவு இல்லை. அடைப்பான் திறக்குந்தோறும் கீழிருந்த நாற்றமும் மேலேறி வந்திருக்கும்.

ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1775-இல், இலண்டனில் கடிகாரத் தொழில் புரிந்த அலெக்சாண்டர் கம்மிங் என்னும் ஸ்காத்லாந்தியர் வளைகுழாய்க்குக் காப்புரிமை பெற்றார். கடிகாரப் பற்சக்கரங்களோடு பழகிய கை, அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லாத ஒரு தீர்வைக் கண்டது. ஆயினும் அவருக்கே அதன்மேல் முழு நம்பிக்கை பிறக்கவில்லை. கிண்ணத்துக்கும் வளைவுக்கும் இடையே நழுவும் தகடு ஒன்றையும் வைத்தார். 1778-இல் ஜோசப் பிராமா அத்தகட்டை நீக்கிக் கீல் வைத்த கதவாக்கினார். தச்சராக வாழ்வைத் தொடங்கிய பிராமா பின்னாளில் பூட்டுகளுக்கும் நீரழுத்தப் பொறிக்கும் புகழ்பெற்றவர். அவர் வகைக் கழிப்பறை நெடுங்காலம் செல்வர் மனைகளில் நிலவிற்று. ஆயினும் அதன் உலோகப் பொறிகள் மரப்பெட்டிக்குள் மறைந்திருந்தன; கசிவும் அழுக்கும் அப்பெட்டிக்குள் சேர்ந்தன. 1880-களில் தாமஸ் டுவைஃபோர்டு முதலிய மட்பாண்டத் தொழிலதிபர்கள் கிண்ணத்தையும் வளைவையும் ஒரே பீங்கானாக வார்த்து, மரப்பெட்டியையும் அகற்றி, நாற்புறமும் துடைக்கத்தக்கதாக நிறுத்தினர். தகடு போயிற்று, கதவு போயிற்று, வளைவும் நீருமே நின்றன. வேண்டாதன ஒவ்வொன்றாகக் கழிந்த வரலாறு என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

இனித் தொட்டிக்கு வருவோம். குழாயைத் திறந்து கிண்ணத்துள் நீர்விட்டாற் போதாதா, தொட்டி எதற்கு என்று சிலர் வினவுவர். வீட்டுக் குழாயின் மெல்லிய நீர் வளைவின் விளிம்பை வழிந்து கடக்குமேயன்றி எதனையும் தள்ளாது. வேண்டுவது நீரின் அளவைவிட அதன் விரைவு. பல நிமிடம் சேர்த்த நீரைச் சில நொடிகளில் கவிழ்த்தற்கே தொட்டி. மற்றொரு காரணமும் உண்டு. குடிநீர்க் குழாயைக் கிண்ணத்தோடு நேரே பிணைத்தால், குழாயில் அழுத்தம் குறையுங்கால் கிண்ணத்து நீர் பின்னோக்கி இழுக்கப்படலாம். இடையில் தொட்டி நின்று இரண்டையும் பிரிக்கிறது.

தொட்டியுள் மிதவை ஒன்று உண்டு. முற்காலத்தில் செப்பு உருண்டை, இன்று பிளாஸ்டிக். அது நீண்ட கம்பியின் முனையில் இருக்கிறது. கம்பியின் மறுமுனை 'பால் வால்வின்' உள்ளிருக்கும் வாஷரை அழுத்துகிறது. நீர்மட்டம் உயர மிதவை உயரும். மிதவையின் சிறு உந்துதல் நெம்புகோலால் பன்மடங்காகிக் குழாயின் வாயை அடைக்கும். வாஷர் தேய்ந்தால் அடைப்பு முழுமை பெறாது. மிகுநீர் வழிவுக்குழாய் வழியே இரவெல்லாம் ஒழுகும். அவ்வொழுகலைக் கண்டு தொட்டியையே மாற்றுவோர் உளர். மாற்றவேண்டியது சிறுவிரல் நுனியளவு இரப்பர்.

நீரை வெளிவிடும் முறையில் இரு மரபுகள் உள. பழைய அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர், தலைக்குமேல் உயரத்தில் சுவரில் பொருத்திய வார்ப்பிரும்புத் தொட்டியையும் அதிலிருந்து தொங்கும் சங்கிலியையும் மறந்திருக்கமாட்டார்கள். 10 அல்லது 12.5 லிட்டர் கொள்ளும் அத்தொட்டியின் நடுவே நீர்மட்டத்திற்கு மேல் வாய் உயர்ந்த குழாயொன்று நிற்கும். அதன்மேல் கனத்த இரும்பு மணி கவிழ்ந்திருக்கும். சங்கிலியை இழுத்தால் மணி எழும். விட்டால் தன் எடையால் விழும். விழும்போது அதனடியில் அகப்பட்ட நீர் குழாயின் வாயைக் கடந்து உள்ளே பாயும். பாய்ந்த நீர் கீழிறங்க, மணிக்குள் அழுத்தம் குறைய, தொட்டி நீரின்மேல் அமர்ந்துள்ள காற்றின் அழுத்தம் எஞ்சிய நீரையெல்லாம் மேலேற்றித் தள்ளும். மணியின் விளிம்புக்குக் கீழே நீர் தாழ்ந்து காற்று உட்புகும் வரை அஃது ஓயாது. சைஃபன் என்பது இதுவே. 'கடகட' என்னும் ஓசை, காற்று உள்ளே புகுந்துவிட்டதென்னும் அறிவிப்பு. இம்முறையின் சிறப்பு, தொட்டியின் அடியில் கசியத்தக்க கதவே இல்லாமை. நீர்ச்சிக்கனம் கருதிப் பிரிட்டன் இம்முறையையே நெடுங்காலம் வற்புறுத்தி, 2001-இல்தான் அடிக்கதவு முறைக்கும் இடந்தந்தது. அமெரிக்க மரபோ அடியில் இரப்பர் மூடியை வைத்தது. இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் அடிக்கதவு வகையே. அது கசிகிறதா என அறியத் தொட்டி நீரில் சிறிது வண்ணப்பொடி கலந்துவிட்டுக் காத்திருந்தால் போதும். பொத்தானை அழுத்தாமலே கிண்ணத்தில் நிறம் தோன்றின் மூடி பழுது.

தாமஸ் கிராப்பர் என்பவரே இவற்றையெல்லாம் கண்டுபிடித்தார் என்று இதழ்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். அவர் பிறந்தது 1836-இல். கம்மிங் காப்புரிமை பெற்று 61 ஆண்டுகளுக்குப் பின். அவர் திறமையான குழாய்த் தொழிலதிபர், அவ்வளவே. அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் சைஃபன் காப்புரிமையும் 1898-இல் ஆல்பர்ட் கிப்ளின் என்பவர் பெற்றது.

வளைவு நாற்றத்தை வீட்டுக்குள் விடாது; ஆனால் கழிவை அழிப்பதில்லை, அப்பால் அனுப்புகிறது. அப்பால் என்பது எது? இலண்டன் மாநகர் இவ்வினாவை மறந்து பெருவிலை கொடுத்தது. 1851-இல் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைத்த கழிப்பறைகளை 8,27,280 பேர் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்துப் பயன்படுத்தினர் என்பது கணக்கு. வீடுதோறும் நீர்க்கழிப்பறை பெருகப் பெருக, முன்பு குழிகளில் தங்கிய கழிவு முழுவதும் தேம்சு ஆற்றில் கலந்தது. குடிநீரும் அவ்வாற்றிலிருந்தே எடுக்கப்பட்டது. காலரா மீண்டும் மீண்டும் வந்தது. 1854-இல் மருத்துவர் ஜான் ஸ்நோ, பிராடு தெருவின் நீரிறைப்பியே அப்பகுதிச் சாவுகளுக்குக் காரணம் எனக் காட்டினார். 1858 கோடையில் ஆற்று நாற்றம் நாடாளுமன்றத்தையே எட்டியபோதுதான் பொருள் ஒதுக்கப்பட்டது. பொறியாளர் பசால்ஜெட் 82 மைல் நீளப் பெருஞ்சாக்கடைகளை அமைத்துக் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டு சென்றார். மக்கள் மாண்டபோது வராத பணம், உறுப்பினர் மூக்கைப் பொத்தியபோது வந்தது.

நம் நாட்டின் நிலை வேறு. மொகஞ்சதாரோவில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே செங்கல் பாவிய குளியலறைகளும் மூடிய தெருச்சாக்கடைகளும் இருந்தன. நிலத்துள் மறைந்து செல்லும் நீர்வழிக்குச் சுருங்கை என்னும் சொல் பரிபாடலிலும் மணிமேகலையிலும் உண்டு. இவற்றைச் சொல்லிப் பெருமிதம் கொள்வது விழா மேடைகளில் வழக்கம். எனினும் மணிமேகலையில் சுருங்கைத் தூம்பு வழியே ஓடுவது மகளிர் கூந்தல் கழுவிய நறுநீர், மலநீர் அன்று. பின்வந்த நூற்றாண்டுகளில் நம் ஊர்களிலும் நகரங்களிலும் நிலைத்தது எடுப்புக் கழிப்பறை. வீட்டின் பின்புறச் சந்தில் சிறு கதவு. உள்ளே வாளியோ தட்டோ வெறுந்தரையோ. விடியலில் அக்கதவின் வழியே வந்து அள்ளிச் செல்லப் பிறப்பால் விதிக்கப்பட்ட ஒரு சாதியார், அவர்களுள் பெரும்பாலார் பெண்டிர். ஐரோப்பாவில் வளைகுழாய் செய்த வேலையை இங்கே மனிதக் கைகள் செய்தன. அக்கைகள் மலிவாகக் கிடைத்தமையால் வளைகுழாய்க்குத் தேவையும் எழவில்லை. சிறுவயதில் எங்கள் பாட்டனார் வீட்டில் அச்சந்துக் கதவைக் கண்டிருக்கிறேன். அதன் வழியே வந்த அம்மையாரின் பெயரை வீட்டில் ஒருவரும் அறியார். இடக்கரடக்கல் அவர்வரை நீண்டுவிட்டது.

1901-இல் கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டில், தொண்டர்கள் மறுத்த கழிப்பிடத்தைக் காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்துத் துப்புரவு செய்ததை அவர் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். உள்ளத்தை மாற்ற அவர் முயன்றார். ஆயினும் கருவியும் மாறவேண்டியிருந்தது. நகரின் பெரும்பகுதிக்குச் சாக்கடை இல்லை. ஊர்களில் குழாய்நீரே இல்லை. 12 லிட்டர் கவிழ்க்கும் தொட்டியை அங்கே யார் நிரப்புவது?

விடுதலைக்குப் பின், 1950-களில், நடுவண் நலவாழ்வு அமைச்சகத்தின் ஆய்வும் செயலும் இணைந்த திட்டம் வங்காளத்துச் சிங்கூரிலும், தில்லிக்கு அருகே நஜஃப்கரிலும், சென்னைக்கு அருகே பூவிருந்தவல்லியிலும் நடைபெற்றது. தமிழகத்தையும் தலைநகரையும் ஒருங்கே பிணைக்கும் இச்செய்தியைத் தில்லித் தமிழர் பலர் அறியார். அத்திட்டத்தில் உருவான குந்துவகைக் கிண்ணத்தின் நீளம் 42.5 சென்டிமீட்டர்; வளைகுழாயின் விட்டம் 7.5 சென்டிமீட்டர், நீரடைப்பு 2 சென்டிமீட்டர். அந்த 2 சென்டிமீட்டரே நுட்பம். நீரடைப்பு ஆழமாயின் அதனைத் தள்ளப் பெருநீர் வேண்டும். குடத்தில் சுமந்து வரும் பெண்ணுக்கு அது இயலாது. மிகக் குறைப்பின் காற்று உட்புகும். பழைய கணக்கில் ஒரு விரற்கடை அளவு வைத்து, கிண்ணத்தின் சரிவைச் செங்குத்தாக்கியதனால், கையால் ஊற்றும் ஒன்றிரண்டு லிட்டரே போதுமானதாயிற்று. தொட்டி வேண்டா, மிதவை வேண்டா, சைஃபன் வேண்டா. டுவைஃபோர்டு கதவை நீக்கினார். இவர்கள் தொட்டியையே நீக்கிவிட்டனர்.

அந்நீர் செல்லுமிடத்திற்கும் விடை கண்டாக வேண்டும். காந்தி நூற்றாண்டு விழாப் பணியில் ஈடுபட்டிருந்த பிந்தேசுவர் பாடக், 1970-இல் பாட்னாவில் சுலப் நிறுவனத்தைத் தொடங்கி, இரட்டைக்குழி முறையை நாடெங்கும் பரப்பினார். ஒரு குழி நிரம்பச் சில ஆண்டுகள் ஆகும். நிரம்பியதும் கழிவை மறு குழிக்குத் திருப்பிவிடுவர். சுவரின் செங்கல் இடைவெளிகள் வழியே நீரும் வளியும் மண்ணில் கலக்க, ஓய்வில் உள்ள குழியின் பொருள் ஈராண்டளவில் நாற்றமற்ற எருவாகிவிடும். அதனை அள்ளுவோன் மலம் அள்ளுவோன் அல்லன், மண் அள்ளுவோன். நிலத்தடி நீர் மிக மேலுள்ள இடத்திலும் கிணற்றை ஒட்டியும் இம்முறை ஆகாது என்பதனையும் சொல்லவேண்டும். 1973-இல் ஆரா நகராட்சியில் கட்டிக்காட்டிய இரண்டு கழிப்பறைகளே தொடக்கம். 2023-இல் மறைந்த பாடக், 1992-இல் தில்லியில் நிறுவிய கழிப்பறை அருங்காட்சியகம் நம்மவர் ஒருமுறை காணத்தக்கது. செங்கோட்டைக்கு விருந்தினரை அழைத்துச் செல்வோர் அங்கும் அழைத்துச் செல்லலாம்.

1993-இல் நாடாளுமன்றம் கையால் மலம் அள்ளும் தொழிலையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்து சட்டம் இயற்றியது. எது உலர் கழிப்பறை? நீரடைப்பு இல்லாதது யாதோ அது. நீரடைப்பு எவ்வளவு? குறைந்தது 20 மில்லிமீட்டர் என்று சட்டமே வரையறுத்தது. சிங்கூரிலும் பூவிருந்தவல்லியிலும் கையாண்ட அதே ஒரு விரற்கடை! சட்டம் வரைந்தோர் அதனை ஆழம் என்னாமல் விட்டம் என்று எழுதிவிட்டனர். வளைகுழாயைக் குனிந்து பார்த்தவர் எவரும் அவ்வறையில் இல்லை போலும். 2013-இல் வந்த புதிய சட்டம் அளவுகோலை விட்டுவிட்டு, கழிவு சிதையுமுன் மனிதக் கையால் அகற்ற வேண்டியுள்ளதா என்பதையே கேட்டது. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் காப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. சாவுகள் நிற்கவில்லை என்பதனாலேயே தொகை உயர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பின் சாக்கடை அடைத்துக்கொண்டது. அழைக்கப்பட்டு வந்த இளைஞர் மூங்கிற்கழியும் கயிறும் கொண்டு வந்திருந்தார். மூடியைத் திறந்து, சட்டையைக் கழற்றத் தொடங்கினார். குடியிருப்போர் குழுவினர் சுற்றி நின்றனர். இயந்திர வண்டிக்கு ஆகும் செலவு மிகுதி, அவரே இறங்க ஒப்புக்கொண்டார் என்றனர். மாடியிலிருந்து நானும் வேறு இருவரும் இறங்கிச் சென்று மறுத்தோம். சொற்கள் சிறிது தடித்தன. இரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. அதுவரை கீழ்த்தளத்தார் மாடி வீடுகளின் கழிப்பறைகளைப் பயன்படுத்தினர். கட்டணம் வீட்டுக்கு 220 ரூபாய் விழுந்தது. வந்த இளைஞருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பினோம். அவர் பெயரை அப்போது கேட்டறிந்தேன்.